அவளுக்குள்ள தேன்

சந்தை கலைந்த பிறகும் அவர் மேசை கலையாது.

திருவனந்தபுரத்தில் ஒரு பழைய பள்ளிக்கூட வளாகத்தில் சனிக்கிழமைதோறும் விவசாயிகள் நேரடியாக வந்து விற்கும் சந்தை அது. காலையில் கூடி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும். கீரைக்காரர்கள் சாக்கை உதறிச் சுருட்டுவார்கள். நாற்று விற்பவர்கள் மிச்சமான தொட்டிகளை ஆட்டோவில் அடுக்குவார்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் தேன்காரக்காவின் மேசை மட்டும் விரித்த துணியோடு அப்படியே நிற்கும். மேசைமேல் ஒன்றும் இருக்காது. கொண்டுவந்த குப்பிகள் எல்லாம் விற்றுப்போயிருக்கும். ஆனாலும் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வாட்ச்மேன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வருவார்.

"சேச்சி, ஞான் கேட்டைப் பூட்டட்டே?"

"கொஞ்சம் நில்லும் பிள்ளே. ஒரு ஆளு வரணும்."

"ஆரு?"

"வந்தா தெரியும்லா."

மேசை விரிப்பு தரையைத் தொடும். அதற்குப் பின்னால் ஒரு துண்டில் சுற்றி ஒரு குப்பி இருக்கும். அது யாராவது ஒருவருக்கென்று எடுத்துவைத்தது. ஒரு காலத்தில், கைத்தடி ஊன்றிக் கடைசி ஆளாக வந்து சேரும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு. பிறகு, தொண்டைக் கட்டுக்குத் தேன் கேட்டுவிட்டுப் போய் அடுத்த வாரம் வராமல்போன ஒரு பாட்டு வாத்தியாருக்கு. ஆள் வந்தால் குப்பி போகும். வராவிட்டால் அதைத் தூக்குப் பையில் போட்டுக்கொண்டு களியக்காவிளை பஸ் ஏறுவார். அடுத்த சனிக்கிழமை அதே குப்பி திரும்ப வந்து மேசைக்கடியில் உட்காரும். கேட்டு வந்து நிற்கிற வேறு யாருக்கும் அதைத் தரமாட்டார்.

பக்கத்து மேசையில் நேந்திரங்காய் சிப்ஸ் விற்கிற ஆள் ஒருவர், மலையாளி. அவர்தான் இவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார். "சேச்சீ, அந்தப் பாட்டு மாஷ் இப்ப வேறே கடையில தேன் வாங்கி நல்லாப் பாடிக்கிட்டிருக்கும். நீங்க அந்தக் குப்பிய விக்கு."

"வாங்கட்டு. இது அவருக்குள்ளது."

'அவருக்குள்ளது' என்றால் அவருக்கு உரியது என்று அர்த்தம். எல்லைப் பக்கத்துத் தமிழ். முதலில் கேட்டபோது அந்தத் தேன் ஏற்கனவே அவருக்குள்ளே போய்விட்டதுபோல எனக்குத் தோன்றியது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பழகிய ஒருவரின் பெயரைக் கேட்காமலே இருந்துவிட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. எனக்கு அவர் தேன்காரக்கா. என் மகளுக்கு 'ஆன்ட்டி'. குள்ளமான உருவம். சேலைக்கு மேலே ஒரு ஆம்பிளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டு. பக்கத்தில் போனால் தேங்காய்நார் புகை வாசம் அடிக்கும். களியக்காவிளைக்கு உள்ளே ஏதோ ஒரு ஊர். அவரும் கணவருமாகப் பெட்டிகளில் தேனீ வளர்த்தார்கள். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கிற மாதங்களில் பெட்டிகளை வண்டியில் ஏற்றி விதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவார்கள்.

வியாபாரத்துக்கு அவர் கொஞ்சமும் லாயக்கில்லை. ஒருநாள் கதர்ச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேனீக்கு சர்க்கரை கொடுக்கிறதுண்டோ?" என்று கேட்டார்.

"உண்டே" என்றார் தேன்காரக்கா.

சுற்றி நின்ற நாலைந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"மழை மாசம் பூவு ஏது சாரே? பட்டினி கெடந்து சாவட்டும்னு விடவா? சர்க்கரைத் தண்ணி வைப்போம். அந்த நேரம் தேன் எடுக்கதில்ல."

பெரியவர் கடைசி வாக்கியத்தைக் கேட்கவில்லை. குப்பியை வைத்துவிட்டு நடந்துவிட்டார். கூட இரண்டு பேர் நடந்தார்கள். சிப்ஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இல்லேன்னு பறஞ்சாப் போராதா சேச்சி?"

"கேட்டாருல்லா" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வரவில்லை. பாதி விஷயத்தில் அவர் சொல்வது தப்பு. பாட்டுப் பாடிக்கொண்டே பெட்டியைத் திறந்தால் தேனீ கொட்டாது என்று உறுதியாக நம்பினார். அவர்கள் சபையில் பாடுகிற ஏதோ ஒரு ஞானப்பாட்டு. ஒரு சனிக்கிழமை இடதுகண் மூடிப்போய், கன்னம் பன் மாதிரி வீங்கி வந்தார்.

"ஆன்ட்டி, பாட்டு பாடலியா?" என்றாள் என் மகள்.

"பாடினேன் மக்களே. ரெண்டாவது சரணம் மறந்துபோச்சு."

மக்களே என்பது அவர் ஊரில் ஒற்றை ஆளைக் கூப்பிடுகிற சொல். ஒரு பிள்ளையைப் பார்த்து அத்தனை பிள்ளைகளையும் சேர்த்துக் கூப்பிடுவதுபோல.

நானும் மகளும்தான் அந்தச் சந்தைக்குப் போவோம். ஸ்கூட்டரில், அவள் சின்னவளாக இருந்தபோது முன்னால் நின்றுகொண்டு, பிறகு பின்னால் உட்கார்ந்துகொண்டு. எங்கள் குடும்பம் தமிழ்நாட்டின் உள்பகுதியிலிருந்து வந்து ஆரியசாலைப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியது. நான் ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரி. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், ஆபீசில் இரண்டோடும் இங்கிலீஷ். மகளுக்குப் பள்ளி, சிநேகிதிகள், சண்டை, கனவு எல்லாமே மலையாளம். எங்களோடு பேசும்போது மட்டும் தமிழுக்கு இறங்கி வருவாள்.

அவளுக்கு ரப்பர் தேன்தான் பிடிக்கும். அதிலும் உறைந்துபோனது. ரப்பர் தேன் சீக்கிரம் கட்டியாகிவிடும். வெண்ணெய் நிறத்தில், நறநறவென்று. வாங்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த வாரம் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இது சீனிப்பாகு" என்று சண்டை பிடிப்பார்கள். தேன்காரக்கா பதில் பேசாமல் வேறு குப்பி கொடுத்துவிட்டு, கட்டியானதை வாங்கி வைத்துக்கொள்வார். அது என் மகளுக்கு. ஸ்பூனால் தோண்டி, நாக்கில் வைத்துக்கொண்டு வாயை மூடி, அது கரையும்வரை யாரோடும் பேசமாட்டாள்.

"இதை வெயில்ல வச்சா இளகிரும் மக்களே."

"வேண்டாம் ஆன்ட்டி. கட்டியாவே இருக்கட்டும்."

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் காணோம் என்பதைக் காணாம் என்றுதான் சொல்வோம். சாவியக் காணாம், கண்ணாடியக் காணாம். மலையாளத்தில் காணாம் என்றால் பார்க்கலாம். விடைபெறும்போது சொல்வது. பின்னே காணாம். இரண்டு மொழியிலும் புழங்குகிறவர்களுக்கு இதில் குழப்பம் வராது என்று நினைப்பீர்கள். பயம் வராதவரைக்கும் வராது.

மகள் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கும்போது, சந்தையில் ஒருநாள் என் விரலை விட்டுவிட்டாள். வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இல்லை. வாசலுக்கு ஓடினேன். ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. திரும்பி ஓடிவந்து, கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த சந்தைத் தொண்டர் ஒருவரைப் பிடித்து, "பிள்ளையக் காணாம், எம்பிள்ளையக் காணாம்" என்றேன். இருபது வருஷமாகப் பேசிய மலையாளத்தில் ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை.

அவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். "காணாம் சாரே, காணாம். சமாதானமாயிட்டு காணாம்."

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். அதற்குள் தேன்காரக்கா எழுந்து வந்தார். "எடே, காணாம் இல்ல. காணான் இல்லேன்னு பறயுது அந்த மனுஷன். கொச்சு காணாதே போயி" என்று, பிள்ளை தொலைந்துபோனதைத் தொண்டரிடம் மலையாளத்தில் கத்திச் சொன்னார். உடனே நாலு பக்கமும் ஆட்கள் ஓடினார்கள்.

அவள் தேன்காரக்காவின் மேசைக்கடியில் இருந்தாள். விரிப்புக்குப் பின்னால், எடுத்துவைத்த குப்பிக்குப் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு. நாக்கில் கட்டித் தேன். அதனால்தான் கூப்பிட்டபோது பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்களைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு. நாங்கள் கிளம்பும்போது வேண்டுமென்றே, தலையைச் சாய்த்து, "காணாம் மக்களே" என்பார். நான் ஒவ்வொரு முறையும் மகள் பக்கத்தில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்ப்பேன்.

"அக்கா, நல்ல வார்த்தையாச் சொல்லுங்களேன்."

"இதுக்கென்ன, மலையாளத்தில நல்ல வாக்காக்கும்."

"நம்ம தமிழாளுகதானே?"

"அதுக்கு? பஸ்சு எங்க நிக்கோ, அந்த ஊருப் பேச்சு."

மகள் பின்சீட்டில் இருந்து கையாட்டிக்கொண்டே, "காணாம் ஆன்ட்டி" என்பாள். அவள் சொல்லும்போது கடைசி எழுத்து மேலே ஏறும், படிக்கட்டில் கால் வைப்பதுபோல. தேன்காரக்கா சொல்லும்போதும் அப்படித்தான். நான் சொன்னால் கீழே விழும்.

அவள் ப்ளஸ் டூ எழுதிய வருஷம் விதுரைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டார். துளிர்க்காலம் முடிந்து பெட்டிகளை ஊருக்குக் கொண்டுபோகிற நாள். சாயங்காலம். தேனீக்கள் எல்லாம் திரும்பி வந்து உள்ளே ஏறின பிறகுதான் பெட்டி வாசலை அடைப்பார்கள். வண்டிக்காரன் இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும் என்று முனகிக்கொண்டிருந்தான். தேன்காரக்கா ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேறட்டு, கேறட்டு. எல்லாம் உள்ள கேறட்டு."

எல்லாப் பெட்டியையும் வண்டியில் ஏற்றினார்கள், ஒன்றைத் தவிர. அது நட்டுவைத்த கம்பின்மேல் வாசல் திறந்தபடி நின்றது.

"அதை ஏன் விட்டுட்டுப் போறீங்க?" என்றாள் மகள்.

"சிலது இன்னும் வெளிய நிக்கும் மக்களே. எங்கயாவது சுத்திட்டு வரும்போ, வீட்டைத் தேடும். ஒண்ணுமில்லாத எடத்தில வட்டம் போட்டுப் போட்டுச் செத்துப்போவும். இது நின்னா இதில கேறும். நாளைக்கு வந்து எடுத்துக்கிடுவேன்."

"எவ்வளவு இருக்கும், வெளியே நிக்கது?"

"கொஞ்சம்தான்."

அவர் கணவர் வண்டியில் இருந்து குரல் கொடுத்தார். "கொஞ்சத்துக்காக ஒரு பெட்டியக் கொண்டு களைவா. போன வருசம் எறும்பு கேறி மொத்தமும் போச்சு. சொன்னாக் கேக்கமாட்டா."

"எறும்பு கேறினது என் குத்தமா?"

"பின்ன எறும்புக்க குத்தமா?"

வண்டி நகர்ந்த பிறகு மகள் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டோ மூன்றோ தேனீக்கள் மங்கின வெளிச்சத்தில் வந்து, பெட்டிகள் இருந்த இடங்களில் சுற்றிவிட்டு, கடைசியில் அதில் இறங்கின. நான் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்தேன். மலை ரோடு, யானை வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு எப்போதும் இப்படித்தான் ஏதாவது ஒரு பயம்.

பிறகு அவள் கல்லூரிக்குப் போனாள். சில சனிக்கிழமைகளில் நான் மட்டும் போனேன். படிப்பை நடுவில் நிறுத்தியதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. தெரிந்த அன்று வீட்டில் பெரிய சத்தம். மறுநாள் நான் ஆபீசில் இருக்கும்போது மனைவி கூப்பிட்டாள். அலமாரியில் மகளின் துணிகள் இல்லை. பையும் இல்லை. என் போனில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் ஒரே ஒரு சொல்.

காணாம்.

அதற்குப் பிறகு போன் அணைந்திருந்தது.

எந்த மலையாளியும் அதைப் படித்தவுடனே சொல்லிவிடுவான், பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறது என்று. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் அப்படித்தான் சொன்னார். "காணாம் என்னல்லே சாரே எழுதியிருக்கு? வளர்ந்த பிள்ளையல்லே, வரும்." ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நாட்களில் நான் அந்தச் சொல்லைத் தமிழில்தான் படித்தேன். சாவியக் காணாம். கண்ணாடியக் காணாம். அவளே தன்னைப் பற்றி எழுதிவைத்துவிட்டுப் போனதுபோல. இரவு பகல் அதைத் திறந்து பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து, எந்த மொழி என்று சொல்லாது. மனைவி ஒரு ராத்திரி போனை வாங்கி வைத்துக்கொண்டாள். "நீங்க படிக்கப் படிக்க அது வேற என்னவோ ஆகுது" என்றாள்.

சிநேகிதிகள் யாருக்கும் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை. சனிக்கிழமை வந்தது. எதற்கென்று தெரியாமலே சந்தைக்குப் போனேன்.

"மக்களெங்க?" என்றார் தேன்காரக்கா.

சொன்னேன். சிப்ஸ்காரர் எண்ணெய்ச் சட்டியின் தீயைத் தணித்துவிட்டு அருகில் வந்தார். போனை எடுத்துக் காட்டினேன். தேன்காரக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்துப் படிக்க வராது.

"என்ன எழுதியிருக்கா? சொல்லும்."

"காணாம்" என்றேன்.

"என்னது?"

"காணாம்."

அவர் முகத்தைச் சுளித்தார். "நீரு சொன்னா இழவு சொல்லுக மாரி இருக்கு. அவ சொல்லுகது மாரி சொல்லும்."

எனக்கு வரவில்லை. இரண்டு தடவை முயன்றேன். கடைசி எழுத்து கீழேயே விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

அப்போது தேன்காரக்கா தலையைச் சாய்த்து, வாசல் பக்கம் பார்த்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்கிற மாதிரியே சொன்னார். "காணாம்."

கடைசி எழுத்து மேலே ஏறியது.

"இதாக்கும் அவ எழுதினது" என்றார். "நீரு வேற எதையோ வாசிச்சிட்டுக் கெடக்கீரு."

சிப்ஸ்காரர் தலையாட்டினார். "அதே சாரே. அதே."

அவர்கள் சொன்னதை நான் நம்பினேனா என்று தெரியவில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போன பிறகு, போன் கையில் இருந்தும் அந்தச் செய்தியைத் திறக்காமல் இருக்க முடிந்தது.

ஒரு குப்பி வாங்கிக்கொண்டு போகலாம் என்று அன்று பையைத் திறந்தேன். கட்டியான ரப்பர் தேன் ஒன்று மேசை ஓரத்தில் இருந்தது. அதைத் தொட்டேன். தேன்காரக்கா என் கையிலிருந்து வாங்கி, துண்டில் சுற்றி, விரிப்பைத் தூக்கி மேசைக்கடியில் வைத்தார்.

"இது விக்கதுக்கில்ல."

"அவளுக்குத்தானே நானும் வாங்குறேன்?"

"அவளுக்குள்ளது அவ வந்து வாங்கட்டு."

அதற்கடுத்த வாரங்களிலும் அப்படியே. ஒருநாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் அவ அப்பன், அக்கா" என்றேன்.

"அதினால?" என்றார். "நீரு கொண்டுபோயி அலமாரியில வைப்பீரு. ரெண்டு பேருமா அதைப் பாத்துப் பாத்து அழுவிய. குப்பி இங்க இருந்தா, இது வாற ஆளுக்குள்ள குப்பி. அங்க இருந்தா வேற மாரி ஆயிரும்."

அந்த நாட்களில்தான் நான் அவர் மேசையோடு கடைசிவரை இருக்கத் தொடங்கினேன். வாட்ச்மேன் என்னிடமும் கேட்பார், பூட்டட்டே என்று. தேன்காரக்கா முன்பைவிட நேரம் கடத்தினார். விரிப்பை எடுத்து உதறி, மடித்து, திரும்ப விரிப்பார். களியக்காவிளை பஸ் ஒன்று போய்விடும், அடுத்ததும் போய்விடும். என்னோடு ஆறுதலாக ஒன்றும் பேசமாட்டார். தேனடையில் புழு விழுந்த கதை, கணவர் மூட்டுவலியோடு பெட்டி தூக்குகிற கதை, சபையில் யாரோடோ சண்டை. வாசலில் யாராவது இளம்பெண் ஸ்கூட்டரை நிறுத்தினால் மட்டும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவோம்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் மகள் போனில் கூப்பிட்டாள். வடக்கே, ஒரு மலை ஊர். சின்னப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடத்தில் வேலை. "நல்லா இருக்கேன் அப்பா" என்றாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அம்மாவிடம் கொஞ்சம் பேசினாள், அழுதாள், நாங்களும். எப்போது வருவாய் என்று கேட்டேன். பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள் என்றாள். பிறகு வைத்துவிட்டாள். அதிலிருந்து அவ்வப்போது கூப்பிடுகிறாள். ஒவ்வொரு முறையும் நான் கடைசியில் அதையே கேட்பேன், எப்ப வருவே. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பேச்சு நின்றுபோகும்.

செய்தியைச் சொல்ல சந்தைக்கு ஓடினேன். தேன்காரக்கா முழுவதும் கேட்டார். கண்ணை முழுக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "எப்ப வாறா?"

"சொல்லலை."

"சரி" என்றவர், குனிந்து விரிப்பைத் தூக்கி, குப்பி இருக்கிறதா என்று பார்த்து, திரும்பக் கீழே விட்டார்.

அந்த மழை முடிந்து அவர் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பார்த்தேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் காளான் விற்பவர்கள் வந்துவிட்டார்கள். கணவருக்கு உடம்பு சரியில்லை என்றார் ஒருவர். பெட்டிகளில் நோய் விழுந்து எல்லாம் போய்விட்டது என்றார் இன்னொருவர். மகன் வேலை பார்க்கும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றும் பேச்சு. அவருக்கு மகன் உண்டென்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளைக்குப் பஸ் ஏறினேன். இறங்கி, டீக்கடையில், பலசரக்குக் கடையில், சர்ச் வாசலில் கேட்டேன். "திருவனந்தபுரம் சந்தையில தேன் விக்கிற அக்கா."

"பேரு?"

"தெரியாது."

"இங்க பாதி வீட்டுல தேன் பெட்டியாக்கும் சாரே. எந்தத் தேன்காரம்மான்னு சொல்ல?"

முழுக்கைச் சட்டை போட்டிருப்பார் என்றேன். பெட்டி திறக்கிற எல்லாப் பெண்களும் போடுவார்கள் என்றார்கள். கடைசிவரை நின்று யாருக்காவது காத்திருப்பார் என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டேன். அது அடையாளம் ஆகாது. வெயில் இறங்கும்வரை அந்தத் தெருக்களில் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த நடையில் ஒருமுறை, காலியான இடத்தில் வட்டம் போடுகிறேன் என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை சந்தையில் சிப்ஸ்காரர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். தன் மேசை விரிப்பைத் தூக்கிக் காட்டினார். துண்டில் சுற்றிய குப்பி.

"சேச்சி வந்திருந்நு. போன சனிக்கிழமை, சார் கிளம்பிப் போன பின்னே. எங்கிட்ட தந்துட்டு அப்பவே போயி. இனி வர முடியாது போலே."

"எங்கே போறதாச் சொன்னாங்க?"

"ஞான் கேட்டேன். காணாம்னு பறஞ்சு, பஸ்ஸுக்கு ஓடி."

குப்பிக்காகக் கையை நீட்டினேன். அவர் விரிப்பைக் கீழே விட்டுவிட்டார்.

"ஸாரி சாரே. மோள்க்குள்ளதாணு. சார் கேட்டாலும் தரண்டான்னு சேச்சி பிரத்யேகம் பறஞ்சிட்டுண்டு."

இத்தனை வருஷம் அந்த அக்காவைக் கேலி செய்த மனிதர். இப்போது அவரும் கடைசியாகத்தான் மேசையை மடிக்கிறார். வாட்ச்மேன் சாவியைக் குலுக்கினால், "நில்லு அண்ணா, ஒராள் வரணும்" என்கிறார். குப்பிக்குள் கட்டித் தேன் இன்னும் வெள்ளையாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டது என்று பயந்து, வாரம்தோறும் கொஞ்ச நேரம் அதை எடுத்து மேசை முனையில் வெயில்பட வைக்கிறார். ஓரம் இளகினதும் திரும்பத் துண்டில் சுற்றி உள்ளே வைத்துவிடுகிறார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

குப்பியைப் பற்றி மகளிடம் நான் சொன்னதில்லை. தூண்டில் போடுவது மாதிரி இருக்கும் என்று பயம். நான் ஏதாவது சொல்லி, அவள் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டால்?

போன சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டாள். அங்கே குளிர், பிள்ளைகளுக்கு ஜலதோஷம் என்றாள். அம்மாவோடு பேசினாள். பிறகு போன் என்னிடம் வந்தது. வழக்கமான கேள்வி நாக்குவரை வந்துவிட்டது. அதைக் கேட்காமல், "சரி மக்கா, காணாம்" என்றேன்.

போனைக் காதிலிருந்து எடுக்கப் போனேன். வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்பா, இப்ப என்ன சொன்னே?"

"காணாம்னேன்."

"மலையாளத்திலயா?"

"மலையாளத்திலதான்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. "ஆன்ட்டி சொல்ற மாதிரியே இருக்கு" என்றாள். "ஆன்ட்டி எப்படி இருக்காங்க?"

"இப்ப வர்றதில்ல. எங்கே இருக்காங்கன்னு தெரியலை." பிறகு அதையும் சொல்லிவிட்டேன். "உனக்கு ஒரு குப்பி வச்சிட்டுப் போயிருக்காங்க. சிப்ஸ்கார அண்ணன்கிட்ட. எனக்குத் தரமாட்டேங்குறார்."

"மேசைக்கடியிலயா?"

"மேசைக்கடியில."

"கட்டியாயிருக்குமே அப்பா."

"கட்டிதான். அவர் பாவம், வாரா வாரம் வெயில்ல வச்சு இளக்கப் பாக்கிறார்."

"வைக்க வேண்டாம்னு சொல்லு" என்றாள். "கட்டியாவே இருக்கட்டும்."

இன்று காலை சந்தையில் அதைச் சொன்னேன். சிப்ஸ்காரர் வெயிலில் இருந்த குப்பியை எடுத்து, துண்டில் சுற்றி, உள்ளே வைத்தார். பிறகு தன் நாற்காலியை, வாசல் நன்றாகத் தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.